தாலியும் சுண்ணக்கட்டியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில், சமவெளியின் வெம்மை தணிந்து மலையின் குளிர் தொடங்கும் இடைவழியில் அமைந்த சிற்றூர் பர்லியார். 1871இல் அரசின் பழப்பண்ணை இங்குத் தோன்றியது. கீழைக்கடல் நாடுகளுக்கு உரிய மங்குஸ்தானும் துரியனும், சாதிக்காயும் கிராம்பும் இம்மண்ணில் வேரூன்றித் தழைத்தன. பர்லியாரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் மரங்களைப் பற்றியே எழுதினர். மாந்தரைப் பற்றி எழுதவேண்டியவை எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இச்சாலையில் வேலைநாள்தோறும் பேருந்தேறிச் செல்லும் பள்ளி ஆசிரியைகளைப் பற்றியது.

கழுத்தில் தாலி, தோள்பையில் சோற்றுப் பாத்திரமும் திருத்தி முடித்த ஏடுகளும், வீட்டில் பாட்டியின் மடியில் விட்டுவந்த பிள்ளை. இக்காட்சி நமக்கு மிகப் பழகிப்போனது. மலையோரப் பள்ளிகள் அனைத்திலும் ‘டீச்சரம்மா’ என்றே பிள்ளைகள் அழைக்கின்றனர். ஆசிரியர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு ‘அம்மா’ என்னும் நம் சொல் பிரிக்கவியலாதவாறு ஒட்டிக்கொண்டது. ஆயினும், மணமான பெண் பள்ளியில் கற்பிக்கலாம் என்பது எங்கும் எப்போதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாக இருந்ததில்லை. தாலியா, சுண்ணக்கட்டியா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று சட்டமே கூறிய நாடுகள் பல. நம் நாட்டில் அவ்வாறு கூறிய சட்டம் ஆசிரியைக்கு இல்லை. எனினும் அவள் பாதை எளிதாக இருந்ததும் இல்லை. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நிகழ்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னூல் வகுத்த இலக்கணம்

நம் வட்டத்தினர் இலக்கணம் கற்றவர்கள். ஆதலின் நன்னூலிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். நல்லாசிரியர்க்குப் பவணந்தி முனிவர் கூறும் உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். மலையில் வாழும் நமக்கு அவற்றுள் ஒன்று நாள்தோறும் கண்முன் நிற்கிறது. அளக்கலாகாப் பெருமையும், மழை பொய்த்த காலத்தும் வளம் தரும் வண்மையும் ஆசிரியர்க்கு வேண்டும் என்பது கருத்து. ஆசிரியர் ஆகாதார் யாவர் என்பதையும் அந்நூல் தனியே வகுத்துரைக்கிறது. பாடம் சொல்லும் ஆற்றலின்மை, பொறாமை, பேராசை, வஞ்சம் முதலியன அங்கே குற்றங்களாக எண்ணப்படுகின்றன.

இரு பட்டியல்களையும் எத்தனை முறை படித்தாலும், மணமானவர், மணமாகாதவர் என்னும் பகுப்பு அங்கே இல்லை. குடிப்பிறப்பைத் தகுதியாக வைத்த இலக்கண ஆசிரியரும் இல்வாழ்க்கையைத் தடையாக வைக்கவில்லை. அக்காலத்து ஆசிரியர் ஆணே என்னும் எண்ணம் அதன் பின்னணியில் இருந்திருக்கலாம். ஆணின் திருமணம் அவன் கற்பிக்கும் திறனைக் குறைக்கும் என எவரும் ஐயுறவில்லை. பெண் ஆசிரியராக வந்தபோதே திருமணம் ஒரு வினாவாக எழுந்தது.

மணந்தால் வெளியேறு

அவ்வினாவை மிகக் கடுமையாக எழுப்பியவை மேலைநாடுகள். பிரித்தானியாவில் 1919இல் பெண் என்பதாலோ மணமானவள் என்பதாலோ பணியிலிருந்து விலக்குதல் கூடாது எனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் மை உலரும் முன்னரே ஊராட்சி மன்றங்கள் பல, மணமான ஆசிரியைகளை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கின. முதல் உலகப் போரின்போது ஆடவர் களம் சென்றதால் அழைத்து அமர்த்தப்பட்ட பெண்களே, போர் முடிந்ததும் வெளியேற்றப்பட்டனர். வேல்சு நாட்டின் ரோண்டா பகுதி ஆசிரியைகள் வழக்காடினர், 1923இல் தோற்றனர். இலண்டன் நகர மன்றம் 1935இல் இத்தடையைக் கைவிட்டது. இங்கிலாந்து, வேல்சு முழுமைக்கும் தடை நீங்கியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால்தான். இரண்டாம் உலகப் போர் மீண்டும் ஆசிரியர் பஞ்சத்தை உண்டாக்கியிருந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் மணந்தவுடன் விலகவேண்டும் என்னும் விதி 1934இல் நடைமுறைக்கு வந்து 1958 வரை நீடித்தது. ஆத்திரேலியாவின் நியூ சௌத் வேல்சு மாநிலம் 1932இல் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றி 1947இல் நீக்கியது. அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பள்ளி வட்டாரங்களுள் நூற்றுக்கு 87 மணமான பெண்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. நூற்றுக்கு 70, பணியில் இருக்கும் பெண் மணந்தால் வைத்துக்கொள்வதில்லை.

காரணங்களாக அவர்கள் கூறியவை: மணமான பெண்ணுக்குச் சோறிடக் கணவன் இருக்கிறான், அவளது ஊதியம் மற்றொரு குடும்பத்தின் பங்கு, அவள் மனம் வகுப்பறையில் நில்லாது. இவை யாவும் வேலை அரிதாக இருந்த ஆண்டுகளில் உரக்கப் பேசப்பட்டன. ஆசிரியர் கிடைக்காத ஆண்டுகளில் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆகவே இத்தடையின் வேர் ஒழுக்கத்திலோ கல்வியிலோ இல்லை. வேலைக்காக வரிசையில் நின்றவர்களின் எண்ணிக்கையில் இருந்தது.

மனைவி, துறவி, கைம்பெண்

நம் நாட்டில் கதை வேறு வகையாகத் தொடங்கிற்று. 1848இல் புனே நகரில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிக் கற்பித்த சாவித்திரிபாய் புலே, மணமானவர். கணவர் சோதிராவிடமே கல்வி கற்றவர். இந்தியப் பெண்கல்வி வரலாற்றின் முதல் ஆசிரியைகளுள் ஒருவரே இல்லறத்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

நீலகிரியிலும் இரு முன்மாதிரிகள் அருகருகே தோன்றின. 1846இல் கேத்தியில் பாசல் மிசன் கால்கொண்டது. அம்மிசனில் போதகர்களின் மனைவியரே பெண்பிள்ளைகளின் கல்வியைக் கவனித்தனர். அவர்களுக்கெனத் தனி ஊதியமோ பதவிப் பெயரோ இல்லை. கணவனின் பணியில் மனைவியின் உழைப்பும் அடக்கம் என்பதே கணக்கு. பின்னர் 1875இல் உதகையில் நாசரேத் கன்னிமாடப் பள்ளி எழுந்தது. அங்கே கற்பித்தவர் துறவு பூண்ட சகோதரியர். மணந்தவளின் உழைப்பு ஊதியமின்றி மறைந்தது. ஆசிரியை என்னும் பெயரோடு வெளிப்பட்டவள் மணவாத துறவியே ஆனாள்.

சமவெளியில் மூன்றாவது முன்மாதிரி உருவாயிற்று. உயர்சாதி இந்துக் குடும்பங்கள் ஆண் ஆசிரியரிடம் தம் பெண்களை அனுப்ப மறுத்தன. பெண் ஆசிரியர் வேண்டும். ஆனால் எங்கே கிடைப்பாள்? பருவமடையுமுன் மணம் முடித்துவிடும் வழக்கத்தால் மணமாகாத இளம்பெண் இல்லை. மணமானவளை மாமியார் வீடு வெளியே விடாது. எஞ்சியவள் கைம்பெண்.

இந்த வழியைத் திறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் பிறந்து, பதினொன்றாம் வயதில் மணமுடிக்கப்பெற்று, விரைவிலேயே கணவனை இழந்தவர். பெற்றோர் அவரைக் கற்பித்தனர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளங் கைம்பெண்கள் நால்வரை வைத்துக்கொண்டு தொடங்கிய இல்லம், பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் அவுசில் பெரிய விடுதியாக வளர்ந்தது. அங்கு தங்கிப் படித்தவர் பலர் ஆசிரியைகளாயினர். 1922இல் சீமாட்டி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்றவரும் அவரே. எதிரே வந்தால் சகுனத் தடை என ஒதுக்கப்பட்ட பெண்ணின் முன், காலைதோறும் தம் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தக் குடும்பங்களைப் பழக்கியது அவரது செயல். எழுத்தறிவின் வரலாற்றில் மட்டுமன்றி இரக்கத்தின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

ஆயினும் இதில் ஒரு வருத்தத்துக்குரிய உண்மை மறைந்துள்ளது. துறவியாயினும் கைம்பெண்ணாயினும், வீட்டுக் கடமை அற்றவளே பள்ளிக்கு உரியவள் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. மணமான பெண்ணையும் ஆசிரியையாக்க வேண்டும் என அரசின் ஏடுகளில் ஒரு குரல் எழுந்ததுண்டு. 1882ஆம் ஆண்டுக் கல்விக் குழு, அதாவது அண்டர் குழு, பள்ளி ஆசிரியர்களின் மனைவியரை ஊக்குவித்து ஆசிரியைகளாகப் பயிற்றலாம் எனப் பரிந்துரைத்தது. தக்க கைம்பெண்களையும் பயிற்றுவிக்கலாம் என்றது. இங்கிலாந்தில் மணமானவளை வெளியேற்றும் போக்கு வளரவிருந்த காலத்தில், இங்கிலாந்தின் ஆட்சி இங்கே மணமானவளைத் தேடியது. அதற்குக் காரணம் பரிவு அன்று, தேவை.

ஆளும் பேனாவுக்கு இட்ட வேலி

தேவை இருக்கும் இடத்தில் கதவு திறக்கும். அதிகாரம் இருக்கும் இடத்தில் வேலி எழும். விடுதலை பெற்ற இந்தியா இதற்குச் சான்று தந்தது. 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாநிலத்தில் பணியேற்ற அன்னா ராசம், அப்பணியில் அமர்ந்த முதற் பெண்மணி. மணந்தால் பணி முடிவுறும் என்னும் நிபந்தனை அவரது நியமன ஆணையில் இருந்தது. பின்னரே அவ்விதி தளர்ந்தது. 1949இல் அயலுறவுப் பணியில் நுழைந்த முதற் பெண்ணான சி. பி. முத்தம்மா, சென்னையில் கல்லூரிக் கல்வி பெற்றவர். பெண் அலுவலர் மணப்பதற்கு முன் எழுத்து வழியாக அரசின் இசைவு பெறவேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என அரசு கருதினால் அவர் விலகவேண்டும் என்றும் அப்பணியின் விதிகள் கூறின. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1979இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர், ஆண் அலுவலருக்கு இல்லாத இத்தடை பெண்ணுக்கு ஏன் என வினவி அவ்விதிகளைக் கடிந்துரைத்தார்.

ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஆட்சியர் நாற்காலிக்கு மணம் தடையாயிற்று. தொடக்கப்பள்ளியின் முக்காலிக்குத் தடையாகவில்லை. மணமான ஆசிரியையை நாம் மதித்ததால் அவளை ஏற்றோம் என்று பெருமை கொள்ளுமுன் இவ்வேறுபாட்டை எண்ணவேண்டும். ஊதியம் குறைந்த, ஊர் தொலைவான, ஆடவர் விரும்பாத பணிக்கு அவள் வேண்டப்பட்டாள்.

தமிழகத்தின் தீர்மானங்கள்

இவ்வாறு கூறினும், தமிழகத்தின் தனிச்சிறப்பு ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையையும் தொழில் உரிமையையும் கோரியது. தொடக்கக் கல்வி ஆசிரியப் பணியில் பெண்களையே மிகுதியாக அமர்த்த வேண்டும் எனவும் தீர்மானித்தது. இங்கே பெண் இரக்கத்துக்குரியவளாக அழைக்கப்படவில்லை, உரிமையுடையவளாக அழைக்கப்பட்டாள்.

1963இல் ஊர்ப்புறப் பெண்கல்வி பின்தங்கியதன் காரணங்களை ஆராய நடுவண் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர், அவ்வாண்டே தமிழகத்தின் முதலமைச்சரான எம். பக்தவத்சலம். மணமான பெண்களை இயன்ற அளவு மிகுதியாக ஆசிரியைகளாகக் கொள்வது விரும்பத்தக்கது என்னும் கருத்தை அக்குழு முன்வைத்தது. பழமை விரும்பும் பெற்றோரும், தம் வீட்டுப் பெண்களைப் போன்ற ஒருத்தி பள்ளியில் இருந்தால் மகளை அனுப்புவர் என்பது அதன் உட்கருத்து. மணந்தால் வெளியேறு என்று அமெரிக்கப் பள்ளி வட்டாரங்கள் கூறி இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்தபோது, மணமானவளே வருக என்று ஒரு தமிழர் தலைமையேற்ற குழு எழுதியது. உலக வரலாற்றின் முன் வைத்துப் பார்க்கத்தக்க வரி இது.

1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். அரசு ஊழியர்க்குரிய மகப்பேறு விடுப்பும் ஓய்வூதியமும் சிற்றூர் ஆசிரியைக்கும் உரியவாயின. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம், ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாம் ஆசிரியரைத் தந்தது. அவர் இயன்றவரை பெண்ணாக இருக்கவேண்டும் என்றது. 1989இல் தமிழக அரசு, அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. தொடக்க வகுப்புகளில் பெண்களையே ஆசிரியராக அமர்த்தும் கொள்கையையும் மேற்கொண்டது. செங்கற்பட்டுத் தீர்மானம் ஆணையாக மாற அறுபது ஆண்டுகள் ஆயின. மலைப் பள்ளிகளில் இன்று நாம் காணும் ஆசிரியைகள் பலர் அந்த ஆணைகளின் வழி வந்தவர்கள்.

சட்டம் திறந்தது, சாலை திறந்ததா?

மேலைநாட்டு ஆசிரியை போராடியது இசைவுக்காக. நம் ஆசிரியைக்கு இசைவு கிடைத்தது, வசதி கிடைக்கவில்லை. அவளுடைய வரலாறு நீதிமன்றத் தீர்ப்புகளில் குறைவாகவும், இடமாறுதல் விண்ணப்பங்களில் மிகுதியாகவும் எழுதப்பட்டுள்ளது. கணவனுக்கு வேலை கோவையில், மனைவிக்கு மலையில். இருவரையும் ஓரிடத்தில் அமர்த்துக என்னும் வேண்டுகோள் தலைமுறை தலைமுறையாகக் கல்வி அலுவலகங்களில் அடுக்கப்பட்டு வருகிறது.

தோட்டப் பகுதிகளில் இம்முரண் மேலும் தெளிவாகப் புலப்பட்டது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் அமைக்கவேண்டும் என்றது. தொழிலாளரின் பிள்ளைகள் இருபத்தைவருக்கு மேல் இருப்பின் தொடக்கக் கல்விக்கு ஏற்பாடு வேண்டும் என்றது. கொழுந்து பறிக்கும் தாய்க்குச் சட்டப்படி ஒரு காப்பகம் உண்டு. அவள் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க வந்த ஆசிரியையின் கைக்குழந்தைக்கு இல்லை. தொழிலாளிக்குக் கிடைத்தது மிகை என்பது பொருளன்று. போராடிப் பெற்ற அதுவும் பல இடங்களில் பெயரளவில் நின்றது. ஆசிரியையோ அந்தக் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை.

2017இல் மகப்பேற்றுப் பயன் சட்டத்தில் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக்கியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பகம் அமைக்கவேண்டும் என்றது. பின்னர் வந்த 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஐம்பது என்னும் எண்ணையே கொண்டது. இரண்டே ஆசிரியர்கள் உள்ள மலைப்பள்ளி எந்த நாளில் ஐம்பதை எட்டும்?

தமிழக அரசு தன் பெண் ஊழியரின் மகப்பேறு விடுப்பைப் படிப்படியாக உயர்த்தியது: 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 சூலை முதல் ஓராண்டு. இது பாராட்டத்தக்கது. ஆயினும் இருகுழந்தை வரம்பைக் காட்டி, மறுமணம் செய்துகொண்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. முதல் மணத்தில் பிறந்த பிள்ளைகளையும் கணக்கிட்டு, இது மூன்றாம் பேறு என்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு பிணைந்தது என 2025 மே மாதம் அந்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கைம்பெண்ணை ஆசிரியையாக்க ஒரு சகோதரி பாடுபட்ட மண்ணில், மறுமணம் புரிந்த ஆசிரியையின் தாய்மை ஒரு நூற்றாண்டுக்குப் பின் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது.

அரசுப் பள்ளிக்கு வெளியே நிலைமை இன்னும் கடினம். சிறு தனியார் பள்ளிகளில் ஒப்பந்த ஊதியத்தில் கற்பிக்கும் பெண்ணுக்குத் திருமண அழைப்பிதழே சிலவேளை விடைபெறு மடலாகிவிடுகிறது. எந்தச் சட்டமும் அவளை வெளியேறச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தம் மட்டும் வாராது. மேலைநாடு எழுத்தில் வைத்த தடையை நாம் எழுதாமல் வைத்திருக்கிறோம். எழுதிய விதியை எதிர்த்து வழக்காடலாம். எழுதாத விதியை எந்த மன்றத்தில் நிறுத்துவது?

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

பாரதிதாசனார் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியராகக் கழித்தவர். அவரது குடும்ப விளக்கின் தலைவி விடியுமுன் எழுந்து இல்லம் பேணுகிறாள். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தருகிறாள். இல்லத்தின் உள்ளேயே ஓர் ஆசிரியை இருக்கிறாள் என்பதைத் தமிழ்க் கவிதை அன்றே கண்டுகொண்டது. அத்தலைவியின் மகளும் பேத்தியும் அதே விடியலில் எழுந்து, அதே வேலைகளை முடித்து, பின்னர் மலைப்பேருந்தும் ஏறினர். அவர்களைப் பற்றி நம் கவிதை போதிய அளவு பேசவில்லை.

நம் விழா மேடைகளில் ஆசிரியையைத் தாய் என்கிறோம், தெய்வம் என்கிறோம், உருகி ஒளிதரும் மெழுகு என்கிறோம். புகழ்ச்சி இனியது. ஆனால் மெழுகுக்கு விடுப்பு வேண்டியதில்லை. தெய்வத்துக்குக் குடியிருப்பு வேண்டியதில்லை. மனிதப் பிறவியாகிய ஆசிரியைக்கு இரண்டும் வேண்டும். உவமை உயர உயர, அவளுடைய தேவை நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், சாலைகள் துண்டாயின. அத்தகைய நாள்களில் மேலே சிக்கிய ஆசிரியைகளும், கீழே காத்திருந்த அவர்தம் பிள்ளைகளும் எந்தப் பாட்டிலும் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

வட்டம் பத்தாண்டு கண்ட இவ்வேளையில் உறுப்பினர்க்கு ஒன்று கூற விழைகிறேன். நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இருப்பார். சிலர் வீட்டிலேயே இருப்பார். அவரிடம் சென்று கேளுங்கள்: முதல் நியமனம் எந்த ஊரில்? எத்தனை மணிக்குப் பேருந்து? பிள்ளையை யாரிடம் விட்டீர்கள்? பேறுகால விடுப்பு எத்தனை நாள் கிடைத்தது? இடமாறுதலுக்கு எத்தனை முறை விண்ணப்பித்தீர்கள்? விடைகளை ஊரும் ஆண்டும் குறித்து எழுதிவையுங்கள். பர்லியார்ப் பண்ணையின் மரங்களுக்கு நட்ட ஆண்டு தெரியும். அம்மரங்களின் பெயரை எழுத நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் எந்த ஆண்டு மலையேறினர் என்பது ஓர் ஏட்டிலும் இல்லை. அந்த ஏட்டை எழுதும் பணி நம்முடையது. அடுத்த மலருக்கு அதிலிருந்து சில பக்கங்களேனும் வருமாயின் நம் வட்டத்தின் பத்தாண்டு உழைப்பு பொருளுடையதாகும்.